ரோலரில் சிக்கிய கை, ஐஸில் போட்ட விரல்: வாசகர் கேள்வி பதில்

கை, விரல் காயங்களைப் பற்றிக் கேள்வி இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்தாலே நம் குமரி மாவட்டத்தில் யார் என்ன வேலை செய்து பிழைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்: ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர், விசைப்படகில் கயிறு சுற்றுகிற வின்ச், மர மில் ரம்பம், தேங்காய் நார் எடுக்கிற தும்பு மில். எல்லாக் கடிதத்துக்கும் இங்கே இடமில்லை, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

என் கணவருக்கு 34 வயது. ரப்பர் ஷீட் அடிக்கும்போது வலது கை ரோலருக்குள் போய்விட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன, பெருவிரல் பாதிதான் மிச்சம், புறங்கைத் தோல் முழுக்க உரிந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து, கையை அடிவயிற்றுப் பக்கம் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். கை அங்கேயே ஒட்டிக்கொள்ளுமா டாக்டர்? எதற்காக இப்படிச் செய்கிறார்கள்? – வாசகி, குலசேகரம்

முதல் காரியமாக, பயமுறுத்துகிறவர்களைக் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அம்மா. கை அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடாது. உங்கள் கணவருக்குச் செய்திருப்பது 1972-ல் மெக்ரிகர், ஜாக்சன் என்ற இரண்டு ஸ்காட்லாந்து சர்ஜன்கள் எழுதி வைத்த முறை, அன்றிலிருந்து உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

ஏன் இப்படி என்றால், ரோலர் கத்தி மாதிரி வெட்டுவதில்லை. இழுக்கிறது, நசுக்குகிறது, தோலை உரிக்கிறது. அதனால் எலும்பும், விரலை அசைக்கிற தசைநாண்களும் வெளியே தெரிய நிற்கும். தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். அந்தத் தோல் பிழைக்க அடியிலிருந்து ரத்தம் ஊற வேண்டும். உறை இல்லாமல் வெறுமனே கிடக்கிற எலும்பும் தசைநாணும் அந்த ரத்தத்தைக் கொடுக்காது. அப்படியே ஒட்டிக்கொண்டாலும் தசைநாண் தோலோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும், விரல் அசையாது. ஆகவே கொழுப்போடு சேர்ந்த, தனக்கென்று ரத்தக் குழாய் உள்ள தோல் வேண்டும். அடிவயிறும் தொடையும் சேருகிற இடத்தில் அப்படி ஒரு தோல் இருக்கிறது. அதன் ஒரு முனையை வயிற்றிலேயே விட்டுவிட்டு மறுமுனையைக் கையில் தைக்கிறார்கள். ஏறத்தாழ 3 வாரத்தில் கையிலிருந்து புது ரத்தக் குழாய்கள் அந்தத் தோலுக்குள் வளர்ந்துவிடும், அப்புறம் வயிற்றுப் பக்கத்தை வெட்டிக் கையை விடுவித்துவிடுவார்கள்.

மைக்ராஸ்கோப் வைத்து ஒரே தடவையில் வேறு இடத்துத் தோலைக் கொண்டுவந்து வைக்கிற முறையும் உண்டு. ஆனால் நசுங்கிய கையில் நல்ல ரத்தக் குழாய் எது என்று முதல் நாளே சொல்வது கஷ்டம், இருக்கிற ஒன்றிரண்டையும் பின்னால் பெருவிரல் வைப்பதற்காக (அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்) சேமித்து வைப்பதும் ஒரு நல்ல யோசனை.

இந்த மூன்று வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. தோள்பட்டையை அசைக்காமல் வைத்திருந்தால் அது இறுகிவிடும், கை நன்றாக வந்தும் தோள் தூக்க முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே தையலில் இழுப்பு விழாத அளவுக்குத் தோளையும், முழங்கையையும், மிச்சமிருக்கிற இரண்டு விரலையும் டாக்டர் காட்டித் தருகிறபடி தினமும் அசைக்கச் சொல்லுங்கள். தூங்கும்போது கை இழுபடாமல் தலையணை வையுங்கள். தைத்த தோல் கருநீலமாகப் போனாலோ, வெளுத்தாலோ, நாற்றம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அடியோடு நிற்க வேண்டும். இதில் ஒன்றிரண்டு பரவாயில்லை என்ற பேச்சே கிடையாது, நிக்கோட்டின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும்.

விடுவித்த பிறகு அந்த இடம் புடைத்துக்கொண்டு தெரியும், முடி கூட முளைக்கலாம். சில மாதம் கழித்துக் கொழுப்பைக் குறைக்கச் சின்ன ஆபரேஷன் செய்வார்கள். உடம்பு பெருத்தால் அந்தத் தோலும் பெருக்கும், ஏனென்றால் அது வயிற்றுக் கொழுப்புதான். அந்த இடத்தில் உணர்ச்சி குறைவாகவே இருக்கும். அதனால் சூடான பாத்திரம், சைலன்சர், அடுப்பு, எதைத் தொடும் முன்பும் கண்ணால் பார்த்துத் தொட வேண்டும்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “இவர் ரப்பர் பால்வெட்டுக் கத்தியைத் திரும்பப் பிடிக்க என்ன செய்யலாம்?” எத்தனை விரல் மிஞ்சும் என்று கேட்பதைவிட இது பயனுள்ள கேள்வி. மோதிர விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன, எதிரே பெருவிரலுக்குப் போதுமான நீளம் கிடைத்துவிட்டால் அந்தக் கை பிடிக்கிற கைதான்.

இன்னொன்று, இதைப் படிக்கிற, ஷீட் அடிக்கிற கொட்டகை வைத்திருக்கிற எல்லாப் புரைக்காரர்களுக்கும்: ரோலரில் கை போய்விட்டால் பிடித்து இழுக்காதீர்கள், மிச்சத் தோலும் உரிந்துவிடும். கரண்டை நிறுத்துங்கள், ரோலர் இடைவெளியை வைக்கிற திருகைத் தளர்த்துங்கள், அப்புறம் கையை எடுங்கள். மெஷினில் நிற்கிறவர் இன்னொரு கையால் எட்டி அணைக்கிற இடத்தில் ஸ்விட்ச் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சுவரின் மறுபக்கத்தில் இருக்கிற ஸ்விட்ச் எதற்கும் உதவாது.

என் தம்பிக்கும் மெஷினில் பெருவிரல் போய்விட்டது. கால் விரலை எடுத்துக் கையில் வைக்கலாம் என்கிறார்கள். நாங்கள் மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிற எஸ்டேட் வேலைக்காரர்கள். காலும் போய்விட்டால் என்ன செய்வது? – வாசகர், அருமனை

கால் போகாது. 1968-ல் காப்பெட் என்ற சர்ஜன் இங்கிலாந்தில் ஒருவருக்குக் கால் பெருவிரலை எடுத்துக் கைப் பெருவிரலாக வைத்தார், அதற்குப் பிறகு இந்த ஆபரேஷன் எவ்வளவோ தேறிவிட்டது. எலும்பு, தசைநாண், நரம்பு, ரத்தக் குழாய் எல்லாவற்றோடும் கால் விரலை எடுத்து, கையில் ஒவ்வொன்றையும் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் சேர்க்கிறார்கள். பல மணி நேர வேலை.

இதில் இரண்டு வழி. கால் பெருவிரலை எடுத்தால் கையில் தோற்றமும் பலமும் நன்றாக இருக்கும். இரண்டாவது விரலை எடுத்தால் கை விரல் கொஞ்சம் ஒல்லியாக இருக்கும், ஆனால் காலில் எடுத்த அடையாளமே பலருக்குத் தெரியாது. மேடு ஏறுகிற, வழுக்குகிற மண்ணில் நிற்கிற ஆள் என்று சர்ஜனிடம் தெளிவாகச் சொல்லுங்கள், அவர் அதை வைத்தே முடிவு செய்வார். கால் புண் ஆற, அழுத்தி நடக்கப் பழக, சில வாரங்கள் பிடிக்கும். அதற்குப் பிறகு பெரும்பாலோர் சாதாரணமாக நடக்கிறார்கள்.

எல்லாருக்கும் கால் விரல்தான் வேண்டும் என்றும் இல்லை. பெருவிரலின் அடிப்பாதி நன்றாக இருந்தால் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருக்கிற இடைவெளியை ஆழமாக்கி, இருக்கிற கட்டையையே நீளமாக்கிக் காட்டலாம். ஆள்காட்டி விரலைத் திருப்பி வைத்துப் பெருவிரல் ஆக்குவதும் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும், கால் ரத்த ஓட்டம் சரியில்லாதவருக்கும் கால் விரலைத் தொட யோசிப்பார்கள், யோசிக்கவும் வேண்டும்.

விசைப்படகில் வின்ச் கயிறு சுற்றி என் அண்ணனுக்கு மோதிர விரலும் சுண்டு விரலும் பிய்ந்துவிட்டன. விரலை மீன் ஐஸுக்குள் புதைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஒட்டவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஐஸில் போட்டதுதான் தப்பா? வீட்டில் எல்லாரும் என்னைத்தான் குறை சொல்கிறார்கள். – வாசகர், குளச்சல்

தம்பி, இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து செத்துப்போகும் என்பது உண்மை. ஆனால் உங்கள் அண்ணனுக்கு விரல் வெட்டுப்படவில்லை, கயிறு இழுத்துப் பிய்த்திருக்கிறது. அப்படிப் பிய்யும்போது ரத்தக் குழாயும் நரம்பும் வெட்டின இடத்தில் மட்டும் அறுந்து நிற்பதில்லை, உள்ளே நெடுந்தூரம் இழுபட்டு நைந்துவிடும். ஐஸில் போடாமல் சரியாகக் கொண்டுவந்திருந்தாலும் இதே பதில் வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உங்களைக் குறை சொல்கிறவர்களிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

இனிமேல் யாருக்கு நடந்தாலும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், படகில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. முதலில் ஆள், அப்புறம்தான் விரல். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து நன்றாக அழுத்திப் பிடியுங்கள், கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். விரல் காயத்துக்கு இது போதும், நைலான் கயிற்றை எடுத்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டாதீர்கள். சின்னத் தோல் ஒட்டிக்கொண்டு தொங்கினால் அதை அறுத்துவிடாதீர்கள், அந்தத் தோலுக்குள் ஒரு ரத்தக் குழாய் ஓடிக்கொண்டிருக்கலாம், சர்ஜனுக்கு அதுவே பெரிய உதவி.

துண்டான விரலை நல்ல குடிதண்ணீரில் மெதுவாக ஒரு தடவை அலசுங்கள். கடல் தண்ணீர் வேண்டாம், டெட்டால் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து அதில் சுற்றுங்கள். அதை ஓட்டையில்லாத பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். அந்தக் கவரை, ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த பெட்டியில் வையுங்கள். விரல் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், உறையக் கூடாது, தண்ணீரில் ஊறவும் கூடாது, அவ்வளவுதான். வெட்டுப்பட்ட நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கூடவே அனுப்புங்கள். காயம் பட்டவருக்குச் சாப்பிட, குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். எத்தனை துண்டு கிடைத்தாலும், எவ்வளவு நசுங்கியிருந்தாலும் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். ஒட்டவைக்க முடியாத துண்டிலிருந்தும் தோலோ நரம்போ எடுத்துப் பக்கத்து விரலைக் காப்பாற்றலாம்.

நேரக் கணக்கு இது. விரலில் தசை இல்லை, அதனால் அது தாங்கும்: குளிர வைக்காவிட்டால் 12 மணி நேரம் வரை, சரியாகக் குளிர வைத்தால் 24 மணி நேரம் வரை கூடச் சேர்க்கலாம். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் கதை வேறு. அங்கே தசை இருக்கிறது, குளிர வைக்காவிட்டால் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் ஓட வைத்தாக வேண்டும், குளிர வைத்தாலும் 10, 12 மணி நேரம்தான். குளச்சலிலிருந்தோ முட்டத்திலிருந்தோ கிளம்பினால் விரலுக்கு நேரம் இருக்கிறது, பதற்றத்தில் சாலையில் உயிரை விட வேண்டாம். 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தப்போக்கை நிறுத்தி, டெட்டனஸ் ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்துவிடுவார்கள். அங்கிருந்து வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தால் வண்டி ஏறும் முன் போன் போட்டு, மைக்ரோசர்ஜரி (மைக்ராஸ்கோப் வைத்துச் செய்கிற ஆபரேஷன்) செய்கிற பிளாஸ்டிக் சர்ஜன் இப்போது அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றே பாதி நேரம் போய்விடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிறவர்களுக்கு, தூத்தூர் பக்கத்து ஆட்கள் குறிப்பாக, கரை பல மணி நேரம் தள்ளி இருக்கும். வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனலில் உதவி கேளுங்கள். போன் கிடைக்கிற தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

அப்புறம், எந்த விரலை ஒட்டவைக்கப் பார்ப்பார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெருவிரல் என்றால் எப்படியும் முயற்சி செய்வார்கள். 1965-ல் ஜப்பானில் கோமாட்சு, தமாய் என்ற இரண்டு டாக்டர்கள் முழுக்கத் துண்டான விரலை ரத்தக் குழாயோடு முதன்முதலாகச் சேர்த்து வெற்றி கண்டதும் பெருவிரலில்தான். பல விரல்கள் போனாலும், உள்ளங்கையோடு போனாலும், குழந்தைக்கு எது போனாலும் முயல்வார்கள். ஆனால் பெரியவர் ஒருவருக்கு ஒற்றைச் சுண்டு விரலோ மோதிர விரலோ, உங்கள் அண்ணனுக்குப் போல இரண்டுமோ, அடியோடு பிய்ந்தால், சேர்க்க முடிந்தாலும் விரல் மடங்காமல் விறைத்து நிற்கும், மாதக்கணக்கில் கடலுக்குப் போக முடியாது, வலை இழுக்கும்போது அந்த விரல் மாட்டும். அதற்காகவே சில நல்ல சர்ஜன்கள் வேண்டாம் என்பார்கள். அது கைவிடுவது ஆகாது.

ஐஸ், மீன், கடல் தண்ணீர் பட்ட காயம் என்பதால் இன்னும் ஒன்று. வீக்கம் மளமளவென்று ஏறினாலோ, தோல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோயும் கல்லீரல் கோளாறும் உள்ளவர்கள் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது, கடல் தண்ணீரில் இருக்கிற சில கிருமிகள் அவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

ஒட்டவைத்த விரலில் அட்டை விட்டார்கள். இது டாக்டர் வைத்தியம்தானா? – வாசகர், பேச்சிப்பாறை

ஆமாம். ஒட்டவைத்த விரலுக்குள் ரத்தம் போகும் வழி திறந்திருந்தும், திரும்பி வரும் வழி அடைபட்டுப் போவது உண்டு. அப்போது விரல் வீங்கி ஊதா நிறமாகும். அட்டை அந்தத் தேங்கிய ரத்தத்தைக் குடிக்கும், அதன் உமிழ்நீரில் ரத்தம் உறையாமல் செய்கிற பொருள் இருப்பதால் அட்டை விழுந்த பிறகும் மணிக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். புது ரத்தக் குழாய்கள் வளரும் வரை விரலைப் பிழைக்க வைக்க இது உதவுகிறது. கூடவே ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், ஏனென்றால் அட்டையின் வயிற்றில் கிருமி உண்டு. தோட்டத்தில் மழைக்குக் காலில் ஏறுகிற அட்டையைப் பிடித்து வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

மர மில் ரம்பத்தில் ஆள்காட்டி விரல் வெட்டுப்பட்டது. தைத்துக் காப்பாற்றினார்கள், ஆனால் மடங்கவே இல்லை, நேராக நிற்கிறது, குளிர் காலத்தில் வலிக்கிறது. இப்போது வேறொரு டாக்டர் அந்த விரலை எடுத்துவிடலாம் என்கிறார். கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய விரலை எடுப்பதா? – வாசகர், மார்த்தாண்டம்

உங்கள் மனசு புரிகிறது. ஆனால் ஒரு காரியம் செய்து பாருங்கள். நீங்கள் அறியாமல் ஒரு ஆணி எடுக்கும்போதோ, சட்டைப் பொத்தான் போடும்போதோ எந்த விரலைப் பயன்படுத்துகிறீர்கள் என்று வீட்டில் யாரையாவது கவனிக்கச் சொல்லுங்கள். பெருவிரலும் நடுவிரலும் சேர்ந்து செய்துகொண்டிருந்தால், உங்கள் மூளை அந்த ஆள்காட்டி விரலை எப்போதோ ஒதுக்கிவிட்டது. விறைத்து நிற்கிற ஆள்காட்டி விரல் பைக்குள் கை விடும்போது தடுக்கும், ரம்பத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், மறுபடி வெட்டுப்படுவதும் அதுதான்.

விரலை மட்டும் எடுக்காமல் உள்ளங்கை எலும்பில் ஒரு பகுதியோடு எடுத்தால் நடுவிரல் அந்த இடத்துக்கு வந்துவிடும், பார்க்கிறவர்கள் சட்டென்று கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். உள்ளங்கையின் அகலம் குறைவதால் சுத்தியல், உளி பிடிக்கிற பலம் கொஞ்சம் குறையும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் ஒரு வழி பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள்: மூட்டு நல்ல நிலையில் இருந்து தசைநாண் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை விடுவித்துப் பார்க்கலாம். மூட்டே போய்விட்டதென்றால் எடுத்துவிடுவதுதான் உங்கள் கைக்கு நல்லது என்பது என் கருத்து.

கண்ணாடி குத்தி மகனுக்கு உள்ளங்கையில் இரண்டு விரலுக்குத் தசைநாண் தைத்தார்கள். 3 வாரம் ஆகியும் விரல் மடங்கவில்லை. எங்கள் ஊர் வைத்திய ஆசானிடம் காட்டி எண்ணெய் போட்டுத் தடவலாமா? – வாசகி, தக்கலை

இப்போது வேண்டாம் அம்மா. தைத்த தசைநாண் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் மிகவும் பலவீனமாக இருக்கும். இந்த நேரத்தில் பலமாகத் தடவி மடக்கினால் தையல் அறுந்துவிடும், அறுந்தால் மறுபடி தைப்பது முதல் தடவையைவிடப் பல மடங்கு கஷ்டம்.

அதற்காகச் சும்மாவும் இருக்கக் கூடாது. ஆபரேஷன் ஆன சில நாளிலேயே ஸ்ப்ளின்டுக்குள் (கையைத் தாங்கிப் பிடிக்கிற கட்டு) வைத்தபடி அளவாக அசைக்கிற பயிற்சி தொடங்க வேண்டும். உள்ளங்கை மடிப்பிலிருந்து விரலின் நடு எலும்பு வரை இரண்டு தசைநாண்கள் ஒரே குறுகலான குழாய்க்குள் ஓடுகின்றன, அசையாமல் விட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிசியோதெரபிக்கு அனுப்பினார்களா? அனுப்பவில்லை என்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள். என் அனுபவத்தில் ஆபரேஷன் பாதிதான், மீதிப் பாதி இந்தப் பயிற்சி. பஸ் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் பயந்து நம் ஆட்கள் முதலில் விடுவதும் இதைத்தான், அதனால் நல்ல ஆபரேஷன் எத்தனையோ வீணாகியிருக்கிறது. தினமும் வர முடியாது என்றால் அதைச் சொல்லுங்கள், வீட்டில் செய்ய வேண்டியதை உங்கள் போனிலேயே வீடியோ எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

6 வாரம் வரை எதையும் தூக்கக் கூடாது, கனமான வேலைக்கு 12 வாரம். புண் நன்றாக ஆறி, 6 வாரமும் முடிந்த பிறகு தழும்பின் மேல் தேங்காய் எண்ணெய் போட்டு மெதுவாகத் தேய்ப்பது நல்லது, ஆசான் செய்தாலும் சரி, நீங்கள் செய்தாலும் சரி. ஆபரேஷன் நடந்த தேதியை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இத்தனையும் செய்து சில மாதம் ஆகியும் விரல் பிடித்துக்கொண்டே இருந்தால் ஒட்டியதை விடுவிக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு.

4 வயதுக் குழந்தையின் விரல் நுனி கதவில் நசுங்கி, நகமும் கொஞ்சம் சதையும் போய்விட்டது. வளருமா? – வாசகி, நாகர்கோவில்

எலும்பு வெளியே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் டிரஸ்ஸிங்கிலேயே வளர்ந்துவிடும், சின்னக் குழந்தைகளுக்கு விரல் நுனி அழகாக வளரும். காப்பிப் பொடி, மஞ்சள், பேஸ்ட் எதுவும் வைக்காதீர்கள். பிய்ந்த நகம் கிடைத்தால் கொண்டுபோங்கள், அதைக் கழுவித் திரும்ப வைத்தாலே நல்ல மூடி. எக்ஸ்ரே ஒன்று அவசியம்.

இந்த ஆபரேஷனெல்லாம் பணக்காரர்களுக்குத்தானே? அரசு ஆஸ்பத்திரியில் செய்வார்களா? இரண்டு கையும் இல்லாதவருக்கு வேறொருவர் கையை வைக்கிறார்களாமே? – வாசகர், பூதப்பாண்டி

கை ஆபரேஷனில் தமிழ்நாடு யாருக்கும் பின்னால் நிற்கவில்லை. 1940-களின் கடைசியில் வேலூரில் பால் பிராண்ட் என்ற டாக்டர், தொழுநோயால் மடங்கிப்போன ஏழைகளின் விரல்களை நிமிர்த்தத் தசைநாண்களை இடம் மாற்றி வைத்தார், உலகமே பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை அது. சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனி நிலையம் இருக்கிறது, டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்தது. கோவை கங்கா ஆஸ்பத்திரி தனியார் துறையில் பெயர் பெற்றது.

மாற்றுக் கை உண்மைதான். இந்தியாவில் முதலில் கொச்சி அம்ருதா ஆஸ்பத்திரியில் 2015-ல் நடந்தது, ஸ்டான்லியில் 2018-ல் இரண்டு கையும் வைத்தார்கள். ஆனால் உடம்பு அந்தக் கையை ஒதுக்காமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டும், அந்த மாத்திரையால் தொற்றும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். ஒரு கை நன்றாக இருக்கிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பணத்துக்கு: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷன் போடும்போதே காட்டுங்கள், டிஸ்சார்ஜ் நாளில் காட்டிப் பயனில்லை. திருவனந்தபுரம் போகிறீர்கள் என்றால் அங்கே அட்டை செல்லுமா என்று கிளம்பும் முன் கேளுங்கள். சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டை கூடத் தேவையில்லை.

தும்பு மில்லில் எனக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. வயது 35, மாதம் 12,000 ரூபாய் சம்பளம். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவு பார்த்து, கையில் 20,000 ரூபாயும் தந்துவிட்டு, “உன் கவனக்குறைவுதான், இதோடு முடிந்தது” என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். – வாசகி, கருங்கல்

கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. நான் வக்கீல் இல்லை, ஆனால் ஊனச் சான்று எழுதுகிற டாக்டர் என்ற முறையில் இந்தச் சட்டம் எனக்குப் பழக்கம்.

முதலில் உங்கள் மில்லில் சம்பளத்திலிருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் விடுப்புக் காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்கு இ.எஸ்.ஐ. தரும், நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் தொகையும் உண்டு, மெடிக்கல் போர்டில் ஆஜராக வேண்டும். இ.எஸ்.ஐ. இல்லை என்றால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும், 1923-ஆம் ஆண்டில் வந்த அந்தச் சட்டம் 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அதன் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சதவீதம் எழுதியிருக்கிறது. பெருவிரல் முழுவதும் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுவதும் 14, நடுவிரல் 12, ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20, மூன்று போனால் 30, நான்கும் போனால் 50.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சம்பளத்தில் 60 சதவீதம் 7,200 ரூபாய். 35 வயதுக்குச் சட்டம் தருகிற காரணி 197.06. பெருக்கினால் 14,18,832. அதில் 20 சதவீதம் 2,83,766 ரூபாய். விரல்கள் அடியோடு போனால் இந்தக் கணக்கு, பாதி மிஞ்சியிருந்தால் குறையும். 20,000 எங்கே, இது எங்கே! ஆஸ்பத்திரிச் செலவு இதற்கு மேல் தனியாக முதலாளி தர வேண்டியது, இதில் கழிக்க முடியாது.

கவனக்குறைவு என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. குடித்திருந்தாலோ, வேண்டுமென்றே விதியை மீறினாலோ, பாதுகாப்பு மூடியைத் தெரிந்தே கழற்றினாலோதான் முதலாளி மறுக்கலாம். சாதாரணமாகக் கை தவறியது அதில் வராது. உங்கள் மெஷினில் மூடி என்ற ஒன்று இருந்ததா என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்து 2 வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, சம்பளம் வாங்கியதற்கு ஏதாவது ஒரு சாட்சி, கூட வேலை பார்த்த ஒருவரின் பெயர், இவற்றை இப்போதே சேர்த்து வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் “வீட்டில் விழுந்தது” என்று யாராவது எழுத வைத்திருந்தால் உடனே போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லித் திருத்தி எழுதக் கேளுங்கள், அந்த ஒரு வரியால் வழக்கே நிற்காமல் போகும். பிறகு நாகர்கோவிலில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எங்கே மனு போடுவது என்று கேளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் கோர்ட் வளாகத்தில் இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் உதவி செய்வார்கள். போகும்போது அந்தக் கையெழுத்துக் கேட்ட தாளின் ஒரு நகலும் கிடைத்தால் கொண்டுபோங்கள்.